மிதித்தால் வரும் தண்ணீர்

என் கையில் இருந்த சொம்பை வாங்கித் தன் மனைவி கையில் கொடுத்தவன் என் கொழுந்தன். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. அந்தப் பழைய வேனை எதற்காகத் தூக்கி நிறுத்தினீர்கள் என்று கேட்கிறவர்களிடம், பழைய சாமான்கள் மேல் எனக்கு ஒரு ஆசை என்றுதான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். ஆசையாவது மண்ணாவது. வயிற்றெரிச்சல். அதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு ஏறுகிற சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும். அதில் ஒன்று எங்களுடையது. என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கல்யாணத்துக்கு முன்பே நாலு கழி, ஒரு தார்ப்பாய், ஒரு அண்டா மோர் என்று தொடங்கி, சாகிற வரைக்கும் விடாமல் நடத்தினார். பேப்பர் கோப்பையை மட்டும் பக்கத்தில் சேர்க்கமாட்டார். குடித்துவிட்டு ரோட்டில் எறிவார்கள், முருகன் குப்பை மேலேயா நடந்து வருவான் என்பார். அதனால் எவர்சில்வர் கோப்பைகள்தான். கொடுக்கக் கொடுக்கக் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும். கை ஊறித் தோல் சுருங்கிவிடும்.

எங்கள் பந்தலில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் காவடி வந்து நின்றதும், யாரும் ஒரு வாய் மோர் குடிப்பதற்கு முன்னால், அந்தக் காவடி எடுத்தவர் காலில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றவேண்டும். வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்து வருகிறவர்களுக்கு அது எவ்வளவு சுகம் என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்த முதல் சொம்பு என் கையால்தான். வேறு எதிலும் நான் முன்னால் வந்து நின்றதில்லை. பணம் வசூலிப்பது, பேச்சு, மாலை, மரியாதை எல்லாம் ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு சொம்பு மட்டும் என்னுடையது.

அவர் திடீரென்று போய்ச் சேர்ந்தார். வருஷத் திதி முடிந்து, அடுத்து வந்த தைப்பூசத்துக்கு நான் வழக்கம் போலப் பந்தலுக்குப் போனேன். வெந்தயக் கலரில் ஒரு புடவை கட்டியிருந்தேன். வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைச் சொம்பில் மொண்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உறுமி சத்தம் கேட்டது. முதல் காவடி ஆடிக்கொண்டு வந்து எங்களுக்கு முன்னால் நின்றது. நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து சொம்பைப் பிடித்தது.

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க. மொத சொம்பு ஒரு சுமங்கலி கையால ஊத்தட்டும். நீங்க பின்னால கோப்பை கழுவுற எடத்துல இருங்க லா.”

குரலை உயர்த்திக்கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான். தாலி அறுத்தவள் என்ற வார்த்தையைச் சொல்லியிருந்தால்கூட அங்கேயே ஓர் அறை விட்டிருப்பேன். சொல்லாமல் சொன்னான். அவன் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் சொம்பை வாங்கிப்போய் ஊற்றினாள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் பின்னால் போய்ப் பொழுது சாயும் வரைக்கும் கோப்பை கழுவினேன். அன்றைக்குக் கழுவினதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. போடா என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம், ஏறவில்லை.

இவன் யார் தெரியுமா? நான் மருமகளாக வந்தபோது காற்சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். அப்பா இல்லாத பிள்ளை. அண்ணன்தான் வளர்த்தார், நான்தான் சோறு போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வீடியோ கேம் கடையில் உட்கார்ந்திருந்தவனை அண்ணன் ஒரு முறை இழுத்துவந்து தன் இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி விளாசினார். குறுக்கே விழுந்து தடுத்தது நான். அந்தப் பிள்ளைக்கு இப்போது நான் ஆகாதவள். இப்போது அவன் காப்புறுதிப் பாலிசி விற்கிறான், கோட்டு சூட்டு, ஓட்டப் பெரிய காடி. பந்தல் இடத்தையும் தன் பேரில் மாற்றிக்கொண்டுவிட்டான். அண்ணன் நடத்தினது அண்ணனோடு போகக்கூடாதில்லையா என்று கேட்டால் யார் மறுத்துப் பேசுவார்கள்?

ஒரு வாரம் கழித்து அவனே போன் செய்தான். அடுத்த வருஷத்திலிருந்து பேப்பர் கப் அடிக்கப் போகிறோம், அந்தப் பழைய அண்டா, கோப்பையெல்லாம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். வேண்டுமென்றால்! என் கணவர் ஓவர்டைம் செய்து வாங்கின சாமான்களை எனக்கே தானம் கொடுக்கிறான்.

அந்தச் சாமான்கள் பந்தலுக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஒரு பழைய பங்களாவின் பின்கொட்டகையில் இருந்தன. பங்களா ஒரு சீனக் கிழவிக்குச் சொந்தம். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். நாங்கள் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். எங்கள் அண்டாக்களுக்கு இடம் கொடுத்ததற்கு வாடகையாக அவர் கேட்டதெல்லாம் தைப்பூசத்தன்று ஒரு கோப்பை மோர்தான், உப்புத் தூக்கலாக.

நான் போன அன்று ஆன்ட்டி கொதித்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் தன் போட்டோ போட்ட பேனரை அவரைக் கேட்காமலேயே அவருடைய கேட்டில் கட்டி, கம்பி இழுத்த இழுப்பில் கேட்டின் கீல் ஒன்று வளைந்துவிட்டதாம். பேனரில் அவன் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான், முருகன் மூலையில் ஒரு தபால்தலை அளவுக்கு இருக்கிறார். இந்த ஆள் யார், உங்கள் சாமியா என்று ஆன்ட்டி மலாயில் கேட்டார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். சொல்லும்போது அழுகையும் வந்தது.

கொட்டகையில் அண்டாக்களை நகர்த்தும்போதுதான் பின்னால் நின்ற துத்தநாகத் தகடுகள் சரிந்தன. இத்தனை வருஷம் அந்தத் தகடுகளில்தான் நாங்கள் அண்டாக்களைச் சாய்த்து வைத்திருந்தோம். அதற்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. இரண்டு வட்ட விளக்குகள், துருப்பிடித்த மூக்கு. ஒரு வேன்.

கதவைத் திறக்க நான் தொங்கவேண்டியிருந்தது. உள்ளே எலி நாற்றம். கண் பழகியதும் பார்த்தால் அது வேன் இல்லை, வீடு. ஒரு பக்கம் மர அலமாரி, மடக்கினால் மேசை, விரித்தால் படுக்கை. இரண்டு கண் வைத்த அடுப்பு. பக்கத்தில் சோற்றுச் சட்டி அளவுக்கு ஒரு சிங்க். சிங்குக்குக் கீழே தரையில் ஒரு பித்தளை மிதி. ஆன்ட்டி வாசலில் நின்றபடி, அதைக் காலால் மிதித்தால் தண்ணீர் வரும் என்றார். பட்டர்வொர்த்தில் வேலை பார்த்த ஒரு ஆஸ்திரேலியக்காரர் ஊர் திரும்பும்போது ஆன்ட்டியின் கணவரிடம் விட்டுப்போனதாம். ஆன்ட்டியும் கணவரும் அதில் தாய்லாந்து வரைக்கும் போயிருக்கிறார்கள். கூரையின் ஒரு பக்கம் பெட்டி மூடி மாதிரித் திறந்துகொள்ளும், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம் என்றும் சொன்னார்.

நான் மிதியை மிதித்துப் பார்த்தேன். வறட்டுச் சத்தம் வந்தது, தண்ணீர் எங்கே வரப்போகிறது? ஆனால் அந்த நிமிஷம் என் தலைக்குள் ஒன்று சுளீரென்று பட்டது. தண்ணீர் வரும் வேன். அடுப்பும் அலமாரியும் உள்ள வேன். இது ஆன்ட்டியின் கேட்டுக்கு உள்ளே நின்றால் யாருடைய அனுமதியும் தேவையில்லை, எவன் பேரிலும் பதியத் தேவையில்லை. மலைக்கு ஏறுகிற காவடி அத்தனையும் இந்தக் கேட்டை உரசிக்கொண்டுதான் போகவேண்டும். கொழுந்தனின் பந்தல் எதிர்ப்பக்கம், இறங்கி வருகிறவர்களின் பக்கம்; இத்தனை வருஷம் காவடிகள் சாலையைக் குறுக்கே கடந்துதான் அங்கே வந்து நின்றன. முதல் சொம்பு யார் கையால் என்று பார்த்துவிடலாம்.

ஆன்ட்டியிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. எடுத்துக்கொள், ஆனால் அந்தக் கும்பிடு போடுகிற ஆள் வயிறு எரியவேண்டும் என்றார். மோர் மட்டும் வருஷா வருஷம் வந்துவிடவேண்டும்.

கெலுகோரில் ஒரு பாய் வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். என் கணவரின் மோட்டார் சைக்கிளை எப்போதும் அவர்தான் பார்ப்பார். வேனை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அவர் வாசலில் இறக்கினேன். அவர் ஒரு சுற்று சுற்றி வந்து, ஒரு இடத்தில் விரலால் தட்டினார். விரல் உள்ளே போய்விட்டது.

“அக்கா, இது காடி இல்ல லா, சல்லடை. மாவு சலிக்கலாம்.”

ஓடணும்னு இல்ல பாய், நின்னா போதும், ஆனா ஜம்முனு நிக்கணும் என்றேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். உடனே ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டார். நின்றால் போதும் என்ற பேச்சு மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. தன் வொர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு வண்டி லாரியில் ஏறிப் போனால் தனக்குத்தான் அவமானம் என்று எஞ்சினையும் கழற்றிப் போட்டார்.

நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறவள். பூதக்கண்ணாடிக்குக் கீழே மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்துச் சூட்டுக்கோல் வைத்துப் பற்றவைப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து பஸ் ஏறி கெலுகோருக்குப் போய்விடுவேன். வயர்களையெல்லாம் எலி தின்றிருந்தது, புதிதாக நானே இழுத்தேன். துருவை மணல்தாள் போட்டுத் தேய்த்ததும் நான்தான். தேய்க்கும்போது கொழுந்தன் முகத்தை நினைத்துக்கொள்வேன். இந்த இடம் அவன் நெற்றி, இந்த இடம் அவன் கன்னம். பாயின் ஆட்கள் தேய்த்த பக்கத்தைவிட நான் தேய்த்த பக்கம் வழவழவென்று வந்தது. ஆத்திரத்தைப் போல ஒரு வேலைக்காரன் கிடைக்கமாட்டான்.

வாய் சும்மா இருக்குமா? அவன் முன்னால் வந்து நிற்கும்போது என்ன சொல்லவேண்டும் என்று தேய்த்தபடியே பேசிப் பழகுவேன். ஒரு வாரம் ஒரு வசனம். போன வாரத்து வசனம் இந்த வாரம் சப்பென்று இருக்கும், மாற்றுவேன். பாய் அந்தப் பக்கம் போகும்போது, இன்னும் காரம் பத்தல அக்கா என்பார்.

மேலே யாரோ பூசியிருந்த பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டியபோது கீழே வெண்ணெய் நிறமும் ஆகாய நீலமும் தெரிந்தன. கதவோரம் ஒரு சின்னப் பித்தளைத் தகடு. வேனைச் செய்த கம்பெனி ஒன்று, அதை வீடாக மாற்றிய பட்டறை வேறு ஒன்று, அந்தப் பட்டறையின் தகடு அது. பாய் படம் எடுத்து யாருக்கோ அனுப்ப, பழைய வண்டி சேர்க்கிற ஒரு தமிழர் கோலாலம்பூரிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். இதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்றார். அந்த அலமாரிக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கோயிலுக்குள் வந்தவர் மாதிரி நின்றார். கூரையைத் தூக்கினோம். உள்ளே மடங்கிக் கிடந்த கோடு போட்ட கேன்வாஸ் அங்கங்கே கிழிந்திருந்தாலும் நிறம் மங்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எதையும் மாற்றாதீர்கள், எனக்குக் கொடுங்கள், நீங்கள் சொல்வதுதான் விலை என்றார். விற்பதற்கில்லை என்றேன். அப்படியென்றால் கண்காட்சிக்காவது கொண்டுவருவீர்களா என்றார். தைப்பூசத்துக்கு மோர் ஊற்றப்போகிறேன் என்று சொன்னதும் அவர் மூஞ்சியில் ஈயாடவில்லை. போகும்போது பாயிடம், அந்த அம்மாவுக்கு இதன் அருமை தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். அருமை தெரிந்துதான் செய்தேன். ஊரில் எவன் கண்ணிலும் படாத ஒரு வண்டி பக்கத்தில் நின்றால் பேனரை யார் பார்ப்பார்கள்?

கடைசியாக மிஞ்சினது அந்த மிதி பம்பு. பாய் அதைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு தோல் வாஷர் இருந்தது, சின்னக் கிண்ணம் மாதிரி. காய்ந்து கருவாடாகிப் போயிருந்தது. அந்த அளவுக்குக் கடையில் எங்கேயும் கிடைக்கவில்லை. நல்ல கெட்டித் தோலாக ஒரு துண்டு இருந்தால் வெட்டி, ஊறவைத்து, அச்சில் அழுத்தி வளைத்துவிடலாம் என்றார் பாய். வீட்டில் என்னிடம் ஒரு பெல்ட் இருந்தது. என் கணவருடையது. அகலப் பட்டை, அந்தக் காலத்துத் தோல், துறைமுகத்து வெயிலிலும் மழையிலும் கிடந்து கறுத்தது. அவருடைய சட்டை வேட்டியெல்லாம் கொடுத்துவிட்டேன், அதை மட்டும் கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் நானே வெட்டினேன். இரண்டு துண்டை ஒட்டவைத்துத்தான் அந்த அகலம் வந்தது. எண்ணெயில் ஊறவைத்து, வளைத்து, பம்புக்குள் மாட்டினோம். மிதித்தேன். முதல் மிதிக்கு ஒன்றுமில்லை, இரண்டாவது மிதிக்கு இருமியது, மூன்றாவதுக்குக் குழாயிலிருந்து தண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. நானும் பாயும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். செத்த பிறகும் மனுஷர் பந்தல் வேலைக்கு வந்துவிட்டார் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளித்து விளக்கு ஏற்றும்போதுதான் பகீரென்றது. மாட்டுத்தோல்! காவடிக்கு ஊற்றுகிற தண்ணீர், விரதம் இருக்கிறவர்கள் குடிக்கிற தண்ணீர், அது மாட்டுத்தோல் வழியாகவா வரவேண்டும்? தைப்பூச மாதத்தில் செருப்பே போடாத ஊர் இது. இது மட்டும் கொழுந்தன் காதுக்குப் போனால் போதும், பந்தலில் மைக் வைத்துச் சொல்லுவான். மாதக்கணக்காக ஆத்திரத்தோடு தேய்த்தவளுக்கு அந்த அறிவு மட்டும் வரவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

பாயிடம் சொன்னேன். ரப்பர் போடலாம் என்று ஒரு ஜப்பான் சிலிப்பரை எடுத்து வெட்டப் போனார். செருப்பா என்று அலறினேன். தோலும் ஆகாது, செருப்பும் ஆகாது, அப்ப வெண்டைக்காயிலயா அக்கா வாஷர் செய்யறது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். மஞ்சள் தண்ணீரும் மோரும் அண்டாவிலிருந்து நேராக வரட்டும். பம்பும் சிங்கும் கோப்பை கழுவ மட்டும். கழுவினதை அண்டாத் தண்ணீரில் இன்னொரு முறை அலசிவிட்டால் தீர்ந்தது. பெல்ட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதை எடுக்க மனசு வரவில்லை என்பதுதான் உண்மை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில், சாலையை அடைப்பதற்கு முன்பே, பாய் வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆன்ட்டியின் கேட்டுக்குள் நுழைந்து, பக்கவாட்டுக் கதவு சாலையைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்தேன். எதிர்ப்பக்கத்தில் கொழுந்தனின் ஆட்கள் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் சத்தம் நின்றது. கூரையை ஒரு தள்ளுத் தள்ளினேன். கோடு போட்ட கேன்வாஸ் விரிந்து ஆகாயத்தைப் பார்த்து எழுந்து நின்றது. அவன் மனைவி தோரணத்தைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். எனக்குச் சோறு சாப்பிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் விடிந்ததும் கூட்டம் எங்கள் பக்கம் ஒதுங்கியது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து, இது என்ன வேன், உள்ளே பார்க்கலாமா என்று கேட்டார்கள். பார்த்தவர்கள் மோர் குடித்தார்கள். குடித்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் ரோஸ் சிரப்புத் தண்ணீர் ஐஸ் கரைந்து நின்றது. கொழுந்தனை மட்டும் காணவில்லை. வியாபாரம் நன்றாக நடந்ததற்கு நேர்த்திக்கடன், இந்த வருஷம் அவன் காவடி எடுக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். எடுக்கட்டும், எனக்கென்ன என்றிருந்தேன்.

சொம்பில் மஞ்சள் தண்ணீர் மொண்டு, கேட்டுக்கு வெளியே ஓர் அடி வந்து நின்றேன். உறுமி சத்தம் நெருங்கியது. முதல் காவடி வளைவில் திரும்பி எனக்கு முன்னால் வந்து நின்றது. மயிலிறகு, மணி, அலகு குத்தின நாக்கு. கண்ணைப் பார்த்தேன். அவனேதான்.

முருகா, உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? ஒரு வருஷமாக நான் பேசிப் பழகின வசனம் அத்தனையும் அந்த இடத்தில் செல்லாது. காவடி தோளில் இருக்கும் வரைக்கும் அவன் என் கொழுந்தன் இல்லை. அவன் காலில் கிழவிகள் விழுகிறார்கள். அந்தக் காலில் தண்ணீர் ஊற்றாமல் திருப்பி அனுப்ப நான் யார்? எதிர்ப்பக்கத்திலிருந்து அவன் மனைவி சொம்போடு கூட்டத்தைக் கடந்து வரப் பார்த்தாள், முடியவில்லை. நான் குனிந்தேன். பாதம் கொப்பளித்திருந்தது. ஊற்றினேன். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நாக்கில் அலகு இருந்ததால் பேசவும் முடியாது. கண்ணை மூடிக்கொண்டு நின்று முழுச் சொம்பையும் வாங்கிக்கொண்டான். முதல் சொம்பு என் கையால்தான் விழுந்தது. ஆனால் அது முருகனுக்கு ஊற்றினது, அவன் கணக்கில் சேராது. ஏறிப் போ மகனே, இறங்கி இந்த வழியாகத்தானே வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சி வெயிலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரே பரபரப்பு. அவன் போட்டோ அச்சடித்த பேப்பர் கோப்பைகள் தீர்ந்துபோயின. மீதிப் பெட்டிகளை ஏற்றின வண்டி, சாலையை அடைத்த பிறகு வந்ததால் ரவுண்டபவுட் பக்கமே நின்றுவிட்டதாம். இறங்கி வருகிற கூட்டம் நாக்கு வறண்டு நிற்கிறது, அண்டா நிறைய சிரப்பு இருக்கிறது, ஊற்றிக் கொடுக்க ஒன்றுமில்லை. சிலர் கையை ஏந்திக் குடித்தார்கள். அப்போதுதான் அவன் இறங்கி வந்தான். காவடி இல்லை, அலகு இல்லை, மொட்டைத் தலையில் சந்தனம். அவன் மனைவி காதில் ஏதோ சொல்லி எங்கள் பக்கம் கை காட்டினாள்.  அவன் சாலையைக் கடந்து வந்தான்.

“அண்ணி, அந்தக் கோப்பை கொஞ்சம் குடுங்க. ஜனங்க தாகத்தோட நிக்குது.”

வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எனக்குத் தானம் கொடுத்தானே, அதே கோப்பைகள். வரிசையில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். போன வருஷம் வாயை மூடிக்கொண்டு நின்றவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு வருஷத்து வசனமும் அந்த நேரம் பார்த்து மறந்து தொலைந்தது. தாகத்தோடு நிற்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல என் கணவர் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் சும்மா கொடுக்கவும் எனக்கு மனசில்லை.

“எல்லாம் அழுக்கா கெடக்கு தம்பி. உள்ள போயி கழுவிட்டு எடுத்துக்க.”

அவன் புரிந்துகொண்டான். முகம் கறுத்தது. திரும்பிப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். எதிர்ப்பக்கம் கூட்டம் கத்தியது. தலையைக் குனிந்துகொண்டு வேனுக்குள் ஏறினான். அழுக்குக் கோப்பைகள் சிங்குக்குப் பக்கத்தில் கோபுரமாக இருந்தன. குழாயைத் திருகப் பார்த்தான், அதில் திருக ஒன்றுமில்லை. கீழே மிதி என்றேன். மிதித்தான். தண்ணீர் வந்தது. ஒரு கோப்பை கழுவினான், இன்னொன்று கழுவினான். அலட்சியமாக, குதிகாலால் ஓங்கி ஓங்கி மிதித்தான். கதவில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதுவரை அந்த வார்த்தை என் வாயில் இல்லை. அவன் மிதித்த மிதியில்தான் வந்தது.

“மெதுவா மிதி தம்பி. உள்ள இருக்கிறது ஒங்க அண்ணன் பெல்ட்டு.”

அவன் காலைத் தூக்கினான். தூக்கின கால் அப்படியே நின்றது. எந்தப் பெல்ட் என்று அவன் கேட்கவில்லை. மிதியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.  குனிந்து மிதியைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். வெளியே, கோப்பை எங்கே, கோப்பை எங்கே என்று அவனுடைய ஆட்கள் குரல் கொடுத்தார்கள். மிதிக்காமல் தண்ணீர் வராது. அவனால் மிதிக்கவும் முடியவில்லை.

வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அந்தக் குறுகின தரையில் மண்டியிட்டான். ஒரு கையால் மிதியை அழுத்தினான். இன்னொரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, குழாய்க்குக் கீழே கோப்பையைப் பிடித்தான். தண்ணீர் வழிந்து மொட்டைத் தலையில் இருந்த சந்தனம் கரைந்து முகத்தில் இறங்கியது. துடைக்க அவனுக்கு மூன்றாவது கை இல்லை. ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்தபடி எட்டிப் பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்திரு, நான் கழுவுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளைதான். சொல்லவில்லை. கடைசிக் கோப்பை வரைக்கும் நின்று பார்த்தேன்.